பெயரோடு போகும் துணி

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில்தான் என் வீடு. சென்ற ஆண்டு, என்னுடன் வணிகவியல் பயிலும் நைஜீரியத் தோழி ஒருவரைச் சிராங்கூன் சாலைத் துணிக்கடைகளுக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய அக்காள் லாகோஸில் சிறிய அளவில் ஆடை வடிவமைப்பவர். அவருக்குத் துணி மாதிரிகள் தேவைப்பட்டன. பட்டுச் சேலைகளைக் கடந்து வந்த தோழி, சிவப்புக் கட்டம் போட்ட பருத்தித் துணியின் முன் நின்றுவிட்டார்.

"இது இஞ்சிரி! எங்கள் பாட்டி விசேஷங்களுக்கு இதைத்தான் கட்டுவார்" என்றார்.

"அண்ணே, இது எங்கே நெய்தது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மெட்ராஸ் சரக்கு தம்பி. யார் நெய்ததுன்னு நமக்கெப்படித் தெரியும்?" என்றார்.

அந்தப் பதில்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

நம் சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட துணி, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்கின்றனர். நைஜீரியாவில் வழங்கும் 'ஜார்ஜ்' என்ற துணிப்பெயர், சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. கலபாரிப் பெண்கள் வாங்கியதை அப்படியே உடுத்தவில்லை. துணியிலிருந்து சில இழைகளை நறுக்கி உருவி, 'பெலெட்டே பிட்டே' என்னும் புதிய துணியையே படைத்தனர். கோட்டையின் பெயர் கடல் கடந்தது. நெய்தவர் பெயரும் இழை உருவியவர் பெயரும் கடக்கவில்லை.

இன்றைய ஆப்பிரிக்க வடிவமைப்பாளர்கள் மாற்ற முயல்வது இதைத்தான். 2011இல் ஒமோயெமி அகெரெலே தொடங்கிய லாகோஸ் ஆடை வாரம், உள்ளூர் வடிவமைப்பாளர்களை வெளிநாட்டு வணிகர்களின் கண்ணில் படச் செய்தது. 2019இல் தென்னாப்பிரிக்காவின் தெபே மகூகு, எல்விஎம்எச் பரிசை வென்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். அந்த ஆண்டு பரிசு 3,00,000 யூரோவாக இருந்தது. அதோடு ஓராண்டு வழிகாட்டலும் உண்டு. நைஜீரியாவின் கென்னத் இஸே, 'அசோ ஓகே' என்னும் கைத்தறித் துணியை 2020இல் பாரிஸ் மேடைக்குக் கொண்டுசென்றார்.

ஆனால் கைதட்டல் மட்டும் தொழிலை நடத்தாது. வெளிநாட்டுக் கடை ஒன்று நூறு சட்டைகள் கேட்டால், துணிக்கும் தையல் கூலிக்கும் வடிவமைப்பாளர் முதலில் பணம் போட வேண்டும். கடைகளோ பெரும்பாலும் சரக்கு வந்த பிறகே, சில வேளைகளில் ஓரிரு மாதம் கழித்தே, பணம் தருகின்றன. முதல் பெரிய ஆர்டரே ஒரு சிறு தொழிலை மூழ்கடித்துவிடலாம். "அக்காவுக்கு வேண்டியது பாராட்டு இல்லை, பாதி முன்பணம்" என்று தோழி சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாம் மாணவர்கள், நம்மால் என்ன முடியும்? நம் கலை இரவுகளுக்கு ஆண்டுதோறும் உடைகள் வாங்குகிறோம். சிறு வடிவமைப்பாளரிடம் வாங்கினால் பாதிப் பணத்தை முன்னரே கொடுக்கலாம். நிகழ்ச்சி ஏட்டில் வடிவமைத்தவர் பெயரையும், தெரிந்தால் நெய்தவர் ஊரையும் அச்சிடலாம். பிறர் வடிவத்தைப் பார்த்துத் தைக்கும்முன் அனுமதி கேட்கலாம். லாகோஸ் பெண்ணுக்கும் இது பொருந்தும்; குடியாத்தத்து நெசவாளிக்கும் பொருந்தும்.

என் தாத்தா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். "நீங்கள் நெய்ததை யார் கட்டுகிறார்கள்?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "முதலாளிக்குத்தான் தெரியும்" என்பார்.

அன்று தோழி நான்கு கெஜம் வாங்கினார். மாதிரியோடு இணைக்கும் சீட்டில் துணி, விலை, கடை எல்லாவற்றையும் எழுதினார். 'நெய்தவர்' என்ற இடம் மட்டும் காலியாகவே லாகோஸுக்குப் போயிற்று. அடுத்த முறை அதை நிரப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காக, அந்தக் கடைக்காரரிடம் நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.