பாதி கேட்கும் குழந்தையும் உட்செவிக் கருவியும்

தறியின் ஓசைக்குத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு எப்போதும் சரியன்று. தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்டு, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேளாத குழந்தைகளும் உண்டு. அத்தகைய குழந்தையிடம் கடை, சடை, தடை, படை என்று சொன்னால், நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கக்கூடும். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்சுருதியில் உள்ளது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் பலவற்றின் அடையாளமோ உயர்சுருதியில் உள்ளது. இதனை அறியாது, கவனமில்லாத பிள்ளை என்று தண்டிப்பது பெரும் அநீதியாகும்.

இக்குறைக்குக் காரணம் யாது? உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. அதன் வாயிலருகே உயர்சுருதியையும், உள்முனையில் தாழ்சுருதியையும் உணரும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. அணுக்களே அழிந்துபோன இடத்தில், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காதுக் கருவி போதிய பயன் அளிக்காமற் போகலாம்.

அந்நிலையில் உதவக்கூடியதே காக்ளியர் கருவி. காதின் பின்புறம் அணியும் பகுதி ஒலியை வாங்கிக் குறிகளாக மாற்றுகிறது. தோலுக்கடியில் பொருத்திய பகுதி அவற்றை மெல்லிய மின்முனைகளின் வழியே செவி நரம்புக்குச் செலுத்துகிறது. முன்னாளில் இது பெரும்பாலும் அறவே கேளாதோருக்கே பொருத்தப்பட்டது. போலந்து நாட்டு மருத்துவர் ஹென்றிக் ஸ்கார்ஷின்ஸ்கி, பாதி கேட்கும் பெரியவர் ஒருவருக்கு 2002-இலும், குழந்தை ஒன்றுக்கு 2004-இலும் இதனைப் பொருத்தினார். மின்முனைகளைச் சுருளின் வாயிற்பகுதியில் மெதுவாகச் செலுத்தி, உள்முனையைத் தீண்டாது விடுவதே இம்முறை. தாழ்சுருதியை இயற்கையும், உயர்சுருதியைக் கருவியும் ஒரே காதில் அளிக்கின்றன.

எனினும், சிலருக்கு எஞ்சியிருந்த கேட்கும் திறனும் அறுவைச் சிகிச்சைக்குப்பின் குறைந்துவிடுகிறது. ஆதலின் சாதாரணக் கருவியை முதலில் அணிவித்துப் பார்த்து, அது போதாதெனத் தெளிந்த பின்னரே மருத்துவருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும். கருவி பொருத்திய அன்றே பேச்சு விளங்கிவிடாது. பல மாதப் பயிற்சி தேவை.

மொழியைக் கற்கும் ஆற்றல் இளம் வயதிலேயே மிகுதி. ஆகவே, குழந்தை ஒரு சொல்லை வேறு சொல்லாகக் கேட்டாலும், சில எழுத்துகளை விட்டுப் பேசினாலும், அங்கத்தினர்கள் கைதட்டிப் பார்ப்பதோடு மனநிறைவு கொள்ளலாகாது. ஒவ்வொரு சுருதியிலும் தனித்தனியே செவிப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும்.