வேலை போனால் பொழுதும் போய்விடும்

நிவாரணம் கிடைக்கிறது, பொழுதுதான் போகுதில்லை என்று எம்மில் பலர் சொல்கிறோம். இதைச் சோம்பல் என்று ஏசுவோரும் உண்டு. அது சோம்பல் அல்ல என்று காட்டிய ஓர் ஆய்வை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அண்மையில் மரியன்தால் என்றொரு கிராமம். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-30 காலத்தில் ஆலை மூடப்பட்டது. மாரி யகோடா, பவுல் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர்.

வேலையில்லாதவர்கள் நிறைய வாசிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அங்கு நூலகக் கட்டணத்தை நீக்கிய பின்பும், இரவல் போன புத்தகங்கள் 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேட்டால் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. பெண்களோ விரைந்து நடந்தார்கள். சமையல், தையல், பிள்ளைகள்: அவர்களுக்குச் சம்பளம் போயிற்று, வேலை போகவில்லை. (வீட்டுவேலையை வேலையாக எண்ணாதவர்கள் இதை இருமுறை வாசிக்கட்டும்.)

தொழில் கூலியை மட்டும் தருவதில்லை என்று பின்னாளில் யகோடா அம்மையார் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், நான் இன்னார் என்ற மதிப்பு, ஓயாத அலுவல் ஆகியவற்றையும் அது தருகிறது.

கமக்காரருக்கு இவையெல்லாம் காணியிலேயே இருந்தன. காலபோகம், சிறுபோகம் என்று ஆண்டைப் பயிரே பிரித்துத் தந்தது. வெங்காயத்துக்கு இன்று தண்ணீர் முறை என்றால் இன்றே இறைக்க வேண்டும்; நாம் எழும்பாவிட்டால் பயிர் வாடும். காணியை விட்டு வந்தபோது அந்தக் கட்டாயத்தையும் விட்டு வந்தோம்.

ஆகவே கையைச் சும்மா வைத்திராமல் ஏதாவது செய்தால் போதும் என்று நாம் சொல்லமாட்டோம். விற்க இடமில்லாத கைப்பணியைப் பழக்கும் வகுப்புகள் நெடுநாள் நிற்பதில்லை. நாம் வராவிட்டால் யாருக்காவது, எதற்காவது குறை நேரும் வேலையே வேண்டும். கொட்டில் ஓரத்தில் நாலு கத்தரிக் கன்று, ஓர் ஆடு, பின்னேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தல் எதுவாகவும் இருக்கலாம். மரியன்தாலிலும் சிறு துண்டு நிலத்தில் மரக்கறி வைத்தார்கள், முயல் வளர்த்தார்கள். இவை காணிக்கு ஈடாகா. காணியைக் கேட்பதும் ஒரு வேலைதான். அதையும் சேர்ந்தே செய்யவேண்டும்.

குழுவாகப் பேசுவதற்கு: நேற்று விடிந்ததுமுதல் படுக்கும்வரை செய்தவற்றை மணிவாரியாகச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களும் சொல்லட்டும். அவற்றுள் எந்த வேலைக்காக யாராவது உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?