எண்களை வரிசைப்படுத்தும் கட்டளை



விளையாட்டு விழாவுக்காக நாங்கள் 120 எண் சீட்டுகளைக் கையால் எழுதினோம். நால்வர் பகிர்ந்து எழுதியதில் 47 இருமுறை வந்தது, 48 விடுபட்டது. 48ஆம் எண்ணுக்குரிய ஆறாம் வகுப்புத் தங்கை, சீட்டு இல்லாமல் ஓட்டப் பந்தயக் கோட்டின் ஓரத்தில் அழுதுகொண்டு நின்றாள். அந்தக் கண்ணீர்தான் எங்களை இந்தப் பாடத்துக்கு அழைத்துச் சென்றது.

லினக்ஸ் கணிப்பொறியில் படங்களைச் சொடுக்காமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கருப்புத் திரை ஒன்று உண்டு. அங்கே எண்வரிசை தருவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. 'சீக்வென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளான எஸ், இ, கியூ ஆகியவையே அதன் பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் பிறந்த யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் இது முதன்முதலில் வந்தது. இங்கே அதனை 'செக்' என்று எழுதுகிறோம்.

செக் 5 என்றால் 1 முதல் 5 வரை, வரிக்கு ஓர் எண்ணாக வரும். செக் 8 12 என்றால் 8 முதல் 12 வரை வரும். மூன்று எண்கள் கொடுத்தால் முதலாவது தொடக்கம், நடுவிலுள்ளது தாவல், கடைசி எண் எல்லை.

ஒற்றைப்படை எண்கள் வேண்டி நாங்கள் செக் 1 120 2 என்று அடித்தோம். திரையில் 1 மட்டுமே வந்தது! 120ஐத் தாவலாகவும் 2ஐ எல்லையாகவும் அது எடுத்துக்கொண்டது. செக் 1 2 120 என்று திருத்தியதும் 1, 3, 5 என 119 வரை 60 எண்கள் வந்தன. இறங்கு வரிசைக்குத் தாவல் கழித்தல் எண்ணாக இருக்க வேண்டும்: செக் 10 -1 1. பெயருக்குப் பின் கழித்தல் குறியும் சிறிய டபிள்யூ எழுத்தும் சேர்த்து 1 120 என்று கொடுத்தால், 001 முதல் 120 வரை எல்லாம் மூன்று இலக்கமாக நிற்கும். சீட்டுக்கு ஏற்றது இதுவே.

நம் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் ஊர் அல்லவா? பெரிய செபமாலையில் 153 அருள்நிறை மணிகள். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட மீன்களும் 153. செக் 17 தரும் எண்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். 17ஐ 18ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் அதே விடை, 153! புனித அகுஸ்தினார் இதனை அன்றே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

விசைத்தறியில் பாவு மாறினால் துணி முழுவதும் மாறிவிடும் என்பது நம் வீடுகளில் பலர் அறிந்தது. கணிப்பொறியும் அப்படியே, நாம் நினைத்ததை அல்ல, சொன்னதையே செய்யும். ஆகவே அச்சிட்ட சீட்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகே கொடுக்கிறோம். இனி எந்தத் தங்கையும் எண்ணின்றி நிற்கக் கூடாது.