நீள ஷாஃப்ட் வாங்கினால் கவலையில்லையா?

குதிரைத்திறன் கூடினால் ஷாஃப்ட்டும் நீளவேண்டும் என்பது அவுட்போர்டு எஞ்சின் வாங்குவோரிடம் அடிக்கடி கேட்கும் நம்பிக்கை. இரண்டுக்கும் அப்படியொரு கட்டாயம் கிடையாது. 9.9 குதிரைத்திறன் எஞ்சினே 15 அங்குல ஷாஃப்ட்டோடும் வருகிறது, 20 அங்குல ஷாஃப்ட்டோடும் வருகிறது. எது வேண்டும் என்பதைச் சொல்வது எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம்தான். பலகையின் மேல்விளிம்பில், எஞ்சின் உட்காரும் நடுவிடத்தில் டேப்பை வைத்து, பலகையை ஒட்டியே படகின் அடிவரை அளக்கவேண்டும். எஞ்சினுக்காக நடுவில் வெட்டித் தாழ்த்திய பலகையில் ஓரத்து உச்சியிலிருந்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். நீர்மட்டம்வரை அளப்பதும் உதவாது. ஆளும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற ஏற அந்த மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். உயரம் 15 அங்குலத்தை ஒட்டியிருந்தால் குட்டை ஷாஃப்ட், 20 என்றால் நீளம், 25 என்றால் அதிநீளம்.

“எதற்கு வம்பு, நீளமாகவே வாங்கிவிடுவோம்” என்பது இன்னொரு நம்பிக்கை. முழுத்தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் குட்டையால் வரும் கேடு உடனே தெரியும். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கிறதே, அது மேற்பரப்புக் காற்றைப் புரொப்பல்லர் இழுக்காமல் காக்கிறது. ஷாஃப்ட் குட்டையானால் தகடும் மேலேறிவிடும். காற்று புகுந்து எஞ்சின் வெறுமனே அலறும், படகு நகராது. குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகளும் வெளியே வந்தால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். நீளத்தால் வரும் கேடு மெதுவானது என்பதால் அதைப் பலரும் கேடாகவே எண்ணுவதில்லை. தேவைக்கு மேல் உலோகம் நீருக்குள் இழுபடும். வேகம் குறைந்து எரிபொருள் கூடும். பின்பலகைமேல் நீர் தெறிக்கும். சோழமண்டலக் கரைபோல மணலில் நேரே ஏற்றும் படகுகளுக்குக் கூடுதல் ஐந்து அங்குலம் புரொப்பல்லரைத் தரையில் தட்டவைக்கும். அலையில் படகின் பின்பக்கமான அமரம் தூக்கும்போது புரொப்பல்லர் வெளியே வருகிறதே என்று கேட்கலாம். எப்போதோ ஓர் அலையில் அப்படி நடப்பது படகின் ஆட்டம்; அமைதியான நீரில் நேராக ஓடும்போதும் நடந்தால்தான் ஷாஃப்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். பாய்மரப் படகுகள் மட்டும் உண்மையான விலக்கு. அவை மெதுவாகச் செல்வன, அமரம் அதிகம் ஆடும். அங்கே நீள ஷாஃப்ட் கேட்பதில் நியாயம் உண்டு.

உயரம் 17, 18 என்று நடுவில் நின்றால் நீள ஷாஃப்ட்டை எடுத்து, பலகைமேல் உறுதியான கட்டை வைத்து எஞ்சினை உயர்த்தலாம். எப்படி மாட்டினாலும் தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி, ஓர் அங்குலம் முன்பின்னாக நிற்கவேண்டும். குட்டை, நீளம் என்ற பெயரை மட்டும் நம்பவேண்டாம். உண்மையான நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு அங்குலம் மாறும். பழைய எஞ்சின் என்றால் பலகையில் மாட்டும் பிடியின் உட்புறத்திலிருந்து தகடுவரை நீங்களே அளந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.