கைவிடப்பட்ட பூனைகளும் நமது கடமையும்

வீட்டுப் பூனை குட்டி போட்டால், அக்குட்டிகளைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் மீன் கடை ஓரத்திலோ பள்ளிவாசல் மதிலோரத்திலோ விட்டு வருவது நம்மவரில் பலருக்குப் பழக்கமாகி விட்டது. "கொல்லவில்லையே, விட்டுவிட்டுத்தானே வந்தோம்" என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறார்கள். இந்தச் சமாதானம் ஷரீஅத்தில் செல்லுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

பூனையொன்றை அது சாகும்வரை அடைத்து வைத்த ஒரு பெண், அதன் காரணமாக வேதனைக்கு ஆளானதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அப்பெண் பூனையை அடித்தாள் என்றோ சூடு போட்டாள் என்றோ அதில் இல்லை. அவள் அதற்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக் கொள்ளும்படி விட்டுவிடவும் இல்லை. இதுவே அவள் மீதான குற்றம்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, "விட்டுவிடுவது" என்றால் தானே இரை தேடிப் பிழைக்கக் கூடிய பிராணியை விடுவதுதான். கண் திறக்காத குட்டியைத் தெருவில் போடுவது விடுதலை அல்ல. பட்டினியில் அடைப்பதற்கு ஒப்பானது. இரண்டாவது, இரக்கப்பட்டுப் பிடிப்பவருக்கு உரியது. ஒரு பூனையைக் கூடையில் போட்டு மூடிய கணம் முதல், அதன் உணவும் நீரும் அவருடைய பொறுப்பாகி விடுகின்றன. நல்ல எண்ணம் மட்டும் போதாது. முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

பூனையைத் தொட்டால் உளூவும் உடையும் கெட்டுவிடும் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய அவர்களின் மகனுடைய மனைவி கப்ஷா அவர்கள் தண்ணீர் வைத்தபோது, ஒரு பூனை குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தை அதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றித் திரிபவற்றில் உள்ளது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் இது வருகிறது.

ஆகவே ஷாஃபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதன் எச்சில் நீரில் உளூச் செய்வது மக்ரூஹ் தன்ஸீஹ். எலியைத் தின்ற இரத்தம் வாயில் இருந்தால் அது வேறு விஷயம். அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். பூனையைத் தூக்குவதால் உளூ முறியாது.

இனி பிடிக்கும் முறை. பூனையைத் துரத்தக் கூடாது. துரத்தினால் அது கிணற்றிலோ வாகனத்தின் அடியிலோ போய் விழும். சுருக்குக் கயிறும் கூடாது. சில நாட்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், உப்பில்லாமல் வேகவைத்த மீனை வையுங்கள். பழகிய பின் அதே உணவை மூடியுள்ள கூடையின் உள்ளே வைத்து, அது உள்ளே போனதும் சத்தமின்றி மூடி, மேலே துணியைப் போர்த்துங்கள். இருட்டில் அது அமைதியடையும். காற்று நுழைய இடம் இருக்க வேண்டும். காயம்பட்ட பூனையைத் தடித்த துண்டால் போர்த்தி, சுற்றித் தூக்க வேண்டும். கிணற்றில் விழுந்திருந்தால் கூடையைக் கயிற்றில் கட்டி நீர்மட்டம் வரை இறக்கிப் பொறுத்திருங்கள். தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்த மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்த ஹதீஸை நாம் அறிவோமல்லவா?

குட்டிகளைக் கண்டவுடன் அள்ளிக்கொண்டு வருவதும் தவறு. தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக் கொண்டிருக்கலாம். குட்டிகள் சுத்தமாகவும் கதகதப்பாகவும் இருந்தால் தூர நின்று சில மணி நேரம் கவனியுங்கள். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் பறவைக் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இது அபூதாவூதில் உள்ளது. ஆகவே எடுக்க வேண்டிய நிலை வந்தால் தாயையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 8 வாரம் வரை பிரிக்காதிருப்பது நல்லது.

தாய் வரவே இல்லையென்றால், குட்டியின் உடல் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளிர்ந்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகே பால். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பூனைக்குட்டிக்கென உள்ள பால்மாவை வாங்குங்கள். குப்புற வைத்தே புகட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். மிகச் சிறிய குட்டிக்கு இரவிலும் 2 அல்லது 3 மணிக்கொரு முறை பால் வேண்டும். முதல் 3 வாரங்கள், பால் கொடுத்த பின் ஈரப் பஞ்சால் வாலின் கீழ் மெல்லத் துடைத்தால்தான் அது மலஜலம் கழிக்கும்.

பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் பூனையின் மூலமும் வரும். மஞ்சளும் சுண்ணாம்பும் அதற்கு மருந்தல்ல.

குட்டிகள் பெருகாமலிருக்க அறுவை செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நன்மை கருதியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்கு விதை நீக்குவதில் குற்றமில்லை என்று ஹனஃபி ஃபத்வாத் தொகுப்பான ஃபதாவா ஆலம்கீரியில் உள்ளது. உண்ணத் தகாத பிராணிகளுக்கு அது கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆகவே ஷாஃபிஈ மத்ஹபினர் தம் ஊர் ஆலிமிடம் நிலைமையை விளக்கிக் கேட்டு நடக்கவும். ஆனால் பிறந்துவிட்ட குட்டியைப் பட்டினியில் தள்ளுவது கூடாது என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை.

தனி ஒருவரால் முடியாததை ஊர் கூடிச் செய்யலாம். 1277-ல் மறைந்த மிஸ்ரு நாட்டு சுல்தான் பைபர்ஸ், காஹிராவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காகவே வக்பு செய்ததாகச் சரித்திரம் கூறுகிறது. நம்மால் தோட்டம் கொடுக்க முடியாமற் போகலாம். ஒரு தெருவில் நான்கு வீட்டார் முறை வைத்து ஒரு தாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் சோறு வைக்க முடியாதா?

நம்மைச் சுற்றித் திரியும் இந்த வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் நம்மைக் குற்றவாளிகளாக ஆக்காமல், கருணையுள்ளவர்களாக ஆக்கி அல்லாஹுத்தஆலா தௌபீக் செய்வானாக! ஆமீன்.