சாவி யார் பையில் இருக்க வேண்டும்?
டிராக் ரேஸ் காரை ஸ்டார்ட் செய்யும் பட்டறை ஆட்களுக்கு

டிராக்டர் ஓடும் எல்லா ஊர்களையும்போல நத்தம் பக்கமும் ஒரு பழக்கம் உண்டு. சாவி சுவிட்ச் பழுதான வண்டியில் ஆள் சீட்டில் ஏறுவதில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றபடியே, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துவிடுவார். வண்டி கியரில் கிடந்தால், நிற்கிறவர் மேலேயே அது ஏறும். இந்தக் கைப்பழக்கத்தோடுதான் நம் பட்டறைப் பையன்கள் பழைய எஸ்டீமையோ ஹோண்டா சிட்டியையோ டிராக் ரேஸுக்குத் தயார் செய்ய இறங்குகிறார்கள். முதலில் விட வேண்டியது இதைத்தான்.

டிராக் ரேஸ் என்றால் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்வது. கால் மைல், அதாவது 402 மீட்டர், பழைய அளவு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. நத்தத்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2023இல் திறந்த மதுரை - நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். பார்த்தால் காலை அழுத்தத் தோன்றும். ஆனால் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் குற்றம். இந்தக் கட்டுரை அந்த வேலைக்கு இல்லை.

பந்தயப் பாதையில் மார்ஷல், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்கள் எல்லாம் இருப்பார்கள். ஆனால் இன்ஜின் முதல்முறை உயிர் பெறுவது அங்கே இல்லை. நம் பட்டறையில், ராத்திரி பத்து மணிக்கு, நாலு பேர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது. அதனால் பட்டறையிலிருந்தே தொடங்குவோம்.

சாவியும் ஆளும்

ஓட்டுநர் இருக்கையில், பிரேக் மேல் கால் வைத்து ஒருவர் உட்காராமல் செல்ஃப் அடிக்கக் கூடாது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவது ஸ்க்ரூடிரைவர் வித்தையின் தம்பிதான். கல் குவாரியில் வெடி வைக்கிறவர் எக்ஸ்ப்ளோடரின் கைப்பிடியைத் தன் பையிலேயே வைத்திருப்பார். மற்றவர்கள் விலகியதைப் பார்த்த பிறகுதான் மாட்டுவார். கார் சாவிக்கும் அதே முறை போதும். யார் உட்காரப் போகிறாரோ அவர் பையில் சாவி. பானெட் பக்கம் வேலை நடக்கும்வரை அது வெளியே வராது.

இன்னொருவர் தீயணைப்புக் கருவியோடு நிற்பார். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன் என்று கருவியைக் கீழே வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது கையில் இருக்காது. மூன்றாமவர் இன்ஜினைப் பார்ப்பவர். இந்த மூவர் போதும். வேடிக்கை பார்க்க வந்த அண்ணன், தம்பி, டீக்கடைப் பையன் எல்லாரும் வாசலுக்கு வெளியே.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். ஸ்பான்சர் பெயர் போட்ட பாலியஸ்டர் டி-ஷர்ட் படத்துக்கு நன்றாக இருக்கும். தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைலி, செருப்பு வேண்டாம். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி கழற்றி வையுங்கள். பேட்டரி முனையில் மோதிரம் பட்டால் விரலிலேயே சிவக்கச் சுடும்.

இடமும் ஸ்டாண்டும்

ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது; தலைவலி வந்த பிறகு சுதாரிப்பது தாமதம். வெளியே மட்டமான தரையில் நிறுத்துங்கள். மாந்தோப்பு ஓரத்துப் பட்டறை என்றால் சருகைக் கூட்டித் தள்ளிவிடுங்கள். சைலன்சர் இல்லாத குழாயிலிருந்து தீ நாக்கு நீட்டும்.

ஓடும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது நல்லது; தவறிக் கியர் விழுந்தாலும் கார் பாயாது. தூக்குவதற்குத்தான் ஜாக்கி, நிறுத்தி வைப்பதற்கு ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய டயர் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது. எஸ்டீம், சிட்டி போன்ற கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கும். முன்பக்கத்தைத் தூக்கி, தரையிலிருக்கும் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடலாம். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே ஹேண்ட்பிரேக் பிடிப்பது தூக்கி வைத்த சக்கரங்களை. தரையிலுள்ள முன்சக்கரங்களை எதுவும் பிடிக்கவில்லை. கட்டை மட்டுமே காப்பு, அதனால் கனமான கட்டையாகப் போடுங்கள்.

தூக்கிய நிலையில் கியர் போட்டு ரேஸ் கொடுத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு பக்கச் சக்கரம் எதிலாவது சிக்கி நின்றால், சாதாரண டிஃபரன்ஷியலில் மறுபக்கச் சக்கரம் மீட்டர் காட்டுவதைப்போல இரு மடங்கு வேகத்தில் சுற்றும். பழைய டயர் அதைத் தாங்காது. ஸ்டாண்டில் நிற்கும் காரை நியூட்ரலில் மட்டும் ஓட்டுங்கள்.

செல்ஃப் அடிக்கும் முன்

இன்ஜின் ஓடாதபோதே ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து விடுங்கள். பெடல் மட்டும் மேலே வந்தால் போதாது. பானெட் பக்கம் நிற்பவர், த்ராட்டில் 'டக்' என்று முழுதாக மூடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கேபிள் மடங்கியிருக்கலாம், மேட் இடிக்கலாம். இரண்டு ஸ்பிரிங் போடுங்கள். ஒன்று அறுந்தால் மற்றொன்று இழுக்கும்.

அடுத்தது கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் பல கார்களில் ஏமாற்றிவிடும். ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் தன் மின்சாரத்திலேயே இக்னிஷனை நடத்திக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் வயரும் சேர்ந்து துண்டாகும்படி இணைத்து, முதல் ஓட்டத்திலேயே ஐடிலில் அணைத்துப் பாருங்கள். வெளியே நிற்பவருக்கு எட்டும் இடத்தில் சிவப்பாகத் தெரியட்டும்.

பிறகு சாவியை 'ஆன்' மட்டும் செய்து பெட்ரோல் பம்ப்பை ஓடவிட்டு, குழாய் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். மெத்தனால் ஊற்றும் வண்டியில் இன்னொரு கண்டம் உண்டு: அதன் தீ பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. ஒருவர் காரணமில்லாமல் கையை உதறினால் சிரிக்காதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள். மெத்தனால் தண்ணீரோடு கலந்து தணியும். பெட்ரோலில் அப்படிச் செய்தால் தீ மிதந்து பரவும். அதற்கு உலர்தூள் அல்லது நுரைக் கருவி. அழுத்தக் காட்டியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிற்கும் இடம்

காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, ஃப்ளைவீல், பெல்ட், ஃபேன் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்பது. அங்கே ஏதாவது உடைந்தால் துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய காரில், அவர் காலுக்குப் பக்கத்திலிருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதியை வெட்டிக்கொண்டு போனது. மறுவருடம் இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரில் அவர் திரும்பி வந்தார். அந்த அமைப்பே பிறகு அந்த வகை டிராக் கார்களின் வழக்கமானது. ஃப்ளைவீலும் இப்படி உடையலாம்; அதிக சக்தி எடுக்கப்போகும் இன்ஜினில் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை விட்டுவைப்பது கஞ்சத்தனம்.

இப்போது ஸ்டார்ட். உட்கார்ந்திருப்பவர் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலை ஆட்டிப் பார்த்து, “ஸ்டார்ட்!” என்று குரல் கொடுப்பார். உடனே சாவியைத் திருப்பக் கூடாது. இன்ஜின் பார்ப்பவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிய பிறகு திருப்பலாம். ஒரு கை மட்டும் தெரிந்தால், இன்னொரு கை எங்கேயோ பெல்ட் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிடிக்கவில்லையா? பாட்டிலிலிருந்து கார்பரேட்டரில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்காதீர்கள். பேக்ஃபயர் ஆனால் தீ கையிலிருக்கும் பாட்டிலுக்கு ஏறும், பாட்டிலைப் பிடித்தவர் பதறி வீசுவது அடுத்தவர் மேல். ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று நிறுத்தித் தேடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஆயில் பிரஷர் சில வினாடிகளில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் அணையுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் சூடு ஏறியதும் தானாகச் சுற்றும். சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் சுற்றும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

இன்ஜினில் தீப்பிடித்தால் முதலில் கட்-ஆஃப், பிறகு ஓட்டுநர் வெளியே. பானெட்டை முழுதாகத் திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ எழும். இடைவெளி வழியாக அடிப்பாகத்தைப் பார்த்துத் தூளை அடியுங்கள். சுட்டுக்கொண்டவருக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். 108க்கு அழைக்கும்போது பட்டறைப் பெயரைச் சொல்வதைவிட, ரோட்டிலிருந்து வரும் வழியைச் சொல்ல ஒருவரைப் பேசவிடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகும் இதே வரிசைதான், ஒன்று கூடும்: டயரைச் சூடாக்கக் காரைச் சுழல விடும்போது கை காட்டுகிறவர் காருக்கு நேரே நிற்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில், சக்கர வரிசைக்கு வெளியே நில்லுங்கள்.