பொழுது சாயுமுன்



நீதி என்றதும் நமக்கு நினைவில் வருவது நீதிமன்றம். நீதிமான் என்றாலோ, வம்புதும்புக்குப் போகாமல், ஞாயிறு பூசை தவறாமல் இருப்பவர் என்று எண்ணிக்கொள்கிறோம். விவிலியம் இவ்விரண்டையும் இப்படிப் பிரித்து வைக்கவில்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இரு சொற்கள் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஒன்று மிஷ்பாத்: ஒருவருக்குச் சேரவேண்டியதைச் சேரச் செய்யும் தீர்ப்பு. மற்றது செதக்கா: நம்மோடு தொடர்புடையவரிடம் நேர்மையாய் நடத்தல். பிற்கால யூதரிடம் செதக்கா என்பது ஏழைக்குச் செய்யும் உதவியையே குறிக்கலாயிற்று. நாம் தருமம் என்பதை அவர்கள் நீதி என்றார்கள்!

இதன் பொருள் துலங்க, இணைச்சட்ட நூலின் (முன்பு உபாகமம் என்போமே) 24-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையலாகாது; வெளியே நிற்கவேண்டும். ஏழை அடகு வைத்தது போர்வையானால், பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுவே கடவுள் முன்னிலையில் செதக்கா. அடுத்துக் கூலியாள் வருகிறான். அவன் சொந்த இனத்தவனாயினும் பிழைக்க வந்த அந்நியனாயினும், அன்றைய கூலி அன்றே, சூரியன் மறையுமுன் அவன் கைக்கு வரவேண்டும். எகிப்தில் தாங்களும் அடிமைகளாய் இருந்ததை இஸ்ராயேலர் மறக்கலாகாது என்பதே இதற்கெல்லாம் காரணம்.

மாத்தளையில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையன்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்மார். 200 ஆண்டு நிறைவில், 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, அந்த வழியை நினைவுகூர்ந்து பலர் நடந்து மாத்தளை வந்தடைந்ததை அறிவீர்கள். அன்று வழியில் நோயால் மடிந்தவர் பலர். வந்து சேர்ந்தவரின் தலையில் வழிச்செலவும் முன்பணமும் கடனாய் ஏறியிருந்தன. அக்கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. மோயீசன் சட்டம் ஏழையின் போர்வையை ஓர் இரவுகூட வைத்திருக்க விடவில்லை. இங்கே ஆளே அடகு!

பின்னர் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. கடைசியாய் எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் 2003-இல் வந்தது. 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுப் பல ஆண்டு போராடியும், சம்பளச் சபை வழியாக 2021-இல்தான் அது கிடைத்தது. அப்போதும், குறித்த கிலோ கொழுந்து நிறையாவிட்டால் 'அரைப்பேர்' என்ற பழைய தொல்லை. நாள் முழுதும் மலையேறியவளுக்கு அரை நாள் கணக்கு என்றால், மிஷ்பாத் எங்கே?

தோட்ட நிர்வாகங்களைக் குறைசொல்லி இங்கே நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதிதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை கோவில் வளவில் புல் வெட்ட ஒரு பெரியவர் வந்தார். வேலை முடிந்ததும், "சில்லறை இல்லை ஐயா, ஞாயிறு பூசைக்குப் பின் வாருங்கள்" என்றேன். "சரி சாமி" என்று போய்விட்டார். அன்றிரவு அரிசிக்கு அவர் கடையில் கடன் சொன்னாரென்று மறுநாள் கோவில் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஞாயிறு நான் ஆயத்தம் செய்திருந்த பிரசங்கம் நீதியைப் பற்றியது.

உங்கள் வீட்டிலும் மிளகு பறிக்க வந்தவர், துணி வெளுக்க வந்த அக்கா, கிணறு இறைத்த தம்பி என்று யாருக்காவது பாக்கி இருக்கலாம். இன்று மாலை செபமாலைக்கு முழந்தாளிடுமுன் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். இருந்தால், பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் திரும்பி வந்தபின் செபமாலையைத் தொடங்கலாம்.